பயமா, கணக்கா? சுரேஷ் த மெல்லின் ஆய்வுகளும் கொழும்பின் சிறு கடைகளும்

ஒரு சிறு கடைக்காரர் தன் தொழிலை அரசிடம் பதிவு செய்யாமல் இருப்பது ஏன்? பிரதேச செயலகத்தில் கேட்டால் விழிப்புணர்வு இல்லை என்பார்கள். வங்கியில் கேட்டால் இந்த ஆட்களுக்குத் துணிச்சல் காணாது, வளர விருப்பமில்லை என்பார்கள். இரண்டு பதில்களும் குறையைக் கடைக்காரரின் தலைக்குள் கொண்டுபோய் வைக்கின்றன.

பேராதனைப் பல்கலைக்கழகப் பொருளியலாளர் சுரேஷ் த மெல், தன் கூட்டாளிகளான டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வூட்ரஃப் ஆகியோருடன் சேர்ந்து இந்தக் கேள்வியைக் கொழும்பிலும் கண்டியிலும் காசை வைத்தே கேட்டுப் பார்த்தார். பதிவில்லாத தொழில்களைத் தெரிந்தெடுத்துக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்குப் பதியும் வழியை விளக்கி, அதற்கான செலவையும் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். பதிவு கூடவில்லை. வேறு சிலருக்குப் பதிந்தால் பணம் தருவதாகச் சொன்னார்கள். தொகை 10,000, 20,000, 40,000 ரூபா என ஆளுக்கு ஆள் மாறியது. நடுத்தரமான ஒரு கடையின் அரை மாத அல்லது ஒரு மாத இலாபத்துக்குச் சமமான தொகைக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் பதிந்தார்கள். இரண்டு மாத இலாபத்துக்குச் சமமான தொகைக்குப் பாதிப் பேர் பதிந்தார்கள். மற்றவர்கள் அந்தப் பணத்துக்கும் மசியவில்லை. ஏன் என்று கேட்டபோது அதிகம் வந்த பதில் காணி பற்றியது: கடை நிற்கும் இடத்தின் உரிமை சிக்கலாக இருக்கிறது, காட்டுவதற்குப் பத்திரம் இல்லை. 2013இல் அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் ஆய்விதழ் ஒன்றில் வெளியான இந்த முடிவு, 'விழிப்புணர்வு இல்லை' என்ற பழைய பதிலை அடியோடு சாய்த்துவிட்டது. வழி தெரிந்தும் செலவு இல்லாமலும் அவர்கள் பதியவில்லை. தங்கள் கணக்குக்கு ஒத்துவந்தபோது பதிந்தார்கள்.

த மெல்லின் எழுத்துகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன். கடன், மூலதனம், பேரழிவு, பதிவு, கூலியாள் வைப்பது என்று தலைப்புகள் மாறினாலும் அவற்றின் ஊடாக ஓடும் விசாரணை ஒன்றுதான். சிறு தொழில் செய்பவரின் முடிவில் நாம் பயம் என்று காண்பதில் எவ்வளவு உண்மையில் பயம், எவ்வளவு அவர் நிற்கும் இடத்திலிருந்து சரியாகப் போட்ட கணக்கு? கொழும்புத் தமிழர் இந்தக் கேள்வியை இன்னும் ஒருபடி உள்ளே கொண்டுபோக வேண்டியிருக்கிறது என்பது என் எண்ணம்.

இடர் பற்றிய பொருளியல் எழுத்துக்கு ஒரு நீண்ட மரபு உண்டு. 1921இல் ஃபிராங்க் நைட் ஒரு கோடு கிழித்தார். நிகழ்தகவை எண்ணால் சொல்லக்கூடியது இடர். அப்படிச் சொல்லவே முடியாதது நிச்சயமின்மை. 1979இல் டேனியல் கானமனும் ஆமஸ் ட்வெர்ஸ்கியும், வரும் இலாபத்தை விடப் போகும் நட்டமே மனிதருக்குப் பெரிதாகத் தெரிகிறது என்று பரிசோதனைகளால் காட்டினார்கள். நியூயோர்க் பொருளியலாளர் பீட்டர் பெர்ன்ஸ்டைன் இடரின் வரலாற்றை எழுதினார். 1996இல் வந்த அவருடைய நூல் பொது வாசகர்களிடமும் போய்ச் சேர்ந்தது. ஆனால் நமக்கு இவர்களை விட நெருக்கமானவர் ஹான்ஸ் பின்ஸ்வாங்கர். ஹைதராபாத்துக்கு அருகே பட்டன்செருவில் உள்ள சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து அவர் 1970களில் இந்தியக் கிராமங்களுக்குப் போய், உழவர்களுக்கு உண்மையான பணத்தைப் பந்தயமாக வைத்துத் தெரிவுகளைக் கொடுத்தார். பந்தயத் தொகை கூடக் கூடப் பெரும்பாலோர் ஏறக்குறைய ஒரே அளவு எச்சரிக்கையானார்கள். காணி நிறைய வைத்திருப்பவருக்கும் கொஞ்சம் வைத்திருப்பவருக்கும் இந்த மனப்பாங்கில் பெரிய வேறுபாடு இல்லை. அப்படியானால் ஒருவர் புதுப் பயிருக்கு மாறுவதும் மற்றவர் மாறாததும் எதனால்? கடன் கிடைக்கும் வழியும் கைவசமுள்ள வசதியும் வேறுபடுவதால் என்றார் பின்ஸ்வாங்கர். ஏழைகள் மனத்தளவில் கோழைகள் என்ற கருத்து அப்போதே ஆட்டம் கண்டுவிட்டது. ஆயினும் அது இன்னும் நம் அலுவலகங்களில் உயிரோடுதான் உலவுகிறது.

த மெல் குழுவின் முதல் பெரிய பரிசோதனை சுனாமிக்குச் சில மாதங்கள் கழித்து, 2005 ஏப்ரலில் தொடங்கியது. களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில், காணியும் கட்டடமும் நீங்கலாக ஒரு லட்சம் ரூபாவுக்கு மேல் முதல் இல்லாத தொழில்கள் தெரிவாயின. கூலியாள் இல்லை, வாகனம் இல்லை. சில்லறைக் கடை, பின்னல் வேலை, பலகாரம் செய்து விற்பது போன்றவை. குலுக்கலில் விழுந்தவர்களுக்கு 10,000 அல்லது 20,000 ரூபா கிடைத்தது. சிலருக்குப் பணமாகவும் சிலருக்குப் பொருளாகவும் கொடுத்தார்கள். கடன் இல்லை, நிபந்தனை இல்லை. பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்க் கணக்குக் கேட்டார்கள். 2008இல் வெளியான முடிவைப் படித்தபோது உலகெங்கும் பொருளியலாளர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கூடுதலாகப் போட்ட முதலுக்கு மாதம் 4.6 முதல் 5.3 சதவீதம், ஆண்டுக்கு 55 முதல் 63 சதவீதம் இலாபம். வங்கி வட்டி எதுவும் இதற்குக் கிட்டவே வராது.

இவ்வளவு இலாபம் தரும் தொழிலில் ஏன் அவர்களாகவே முன்பு முதல் போடவில்லை? இடருக்கு அஞ்சியா? ஆய்வாளர்கள் ஒவ்வொருவரும் இடரை எவ்வளவு விலக்குகிறார் என்பதையும் அளந்திருந்தார்கள். இலாபம் ஆளுக்கு ஆள் வேறுபட்டதற்கு அந்த அளவீடு காரணமாக அமையவில்லை. உரிமையாளரின் திறனும் வீட்டின் வசதியும்தான் காரணமாக நின்றன. திறமை கூடிய, வசதி குறைந்த ஆட்களிடம் காசு அதிகமாக உழைத்தது. கடன் கிடைக்காமைதான் அவர்களைத் தடுத்திருந்தது என்பதற்கு இதை விடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

அதே தரவில் இன்னொரு முடிவும் இருந்தது. அதைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். ஆண்கள் நடத்திய தொழில்களில் இலாபம் உயர்ந்தது. பெண்கள் நடத்தியவற்றில் சராசரியாக ஒன்றுமே கூடவில்லை. 2009இல் இது தனிக் கட்டுரையாக வந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்த்தபோதும் பணம் பெற்ற ஆண்களின் தொழில்கள் கூடுதலாகப் பிழைத்து நின்றன. பெண்களின் தொழில்களில் அந்தப் பயன் தெரியவில்லை. பெண்களுக்குக் கொடுத்த காசு வீண் என்று அவசரப்பட்டுச் சொல்ல இது இடம் கொடுத்தது, சிலர் சொன்னார்கள். 2019இல் ரோஹினி பாண்டே, எரிக்கா ஃபீல்ட் உள்ளிட்ட நால்வர் இலங்கை, கானா, இந்தியத் தரவுகளை எடுத்து வேறு விதமாகப் பிரித்துப் பார்த்தார்கள். வீட்டில் கணவருக்கும் ஒரு தொழில் இருந்தால் பெண்ணுக்கு வந்த பணம் அதற்குள் போயிருந்தது. வீட்டின் ஒரே தொழில் அவளுடையதாக இருந்த இடங்களில் அந்த ஆண்-பெண் வேறுபாடு மறைந்துவிட்டது. முடிவெடுப்பது தனி ஆள் அல்ல, வீடு. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கடன் திட்டம் தீட்டுவோர் மேசையில் இது ஆதாரத்தோடு இருப்பது அவசியம்.

சுனாமி பற்றியும் ஒரு சொல். உயிரையும் உடைமையையும் அள்ளிக்கொண்டு போன அலைக்குப் பிறகு மனிதர், நாளையை நம்பாமல் இன்றே செலவழிப்பார்கள் என்றுதான் பலரும் நினைப்போம். மைக்கேல் காலன் இலங்கையின் கூலித் தொழிலாளரிடம் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வு நேர்மாறாகச் சொன்னது: அலையின் தாக்கத்துக்கு உள்ளானவர்களிடம் பொறுமை கூடியிருந்தது, இன்று சிறிது வாங்குவதை விட நாளை அதிகம் வாங்கக் காத்திருந்தார்கள். த மெல் குழு 2012இல் எழுதிய கட்டுரை அதே அழிவை மூலதனத்தின் பக்கமிருந்து பார்த்தது. சேதமடைந்த தொழில்கள் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் முழுதாக எழவில்லை. கையில் உதவிப் பணம் கிடைத்த சில்லறைக் கடைகள் மட்டும் வேகமாக மீண்டன. இரண்டையும் சேர்த்துப் படித்தால், மனம் தேறியிருந்தும் முதல் இல்லாமல் கடை திறக்க முடியாமல் நின்ற மனிதர்கள் தெரிகிறார்கள்.

இனி வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் வருகிறேன். தென்மாகாணக் கடலோரத்தில் இடர் அலையாக வந்தது. காலி வீதியில் அது பெயர்ப்பட்டியலோடு வந்தது. 1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்டனர். மறுநாள் இரவு பொரளை கனத்தை மயானத்தில் தொடங்கிய வன்முறை வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை எனப் பரவியது. கும்பல்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழரின் வீடுகளையும் கடைகளையும் தெரிந்தெடுத்துக் கொளுத்தின. அதன் பிறகு நடந்ததை இளையவர்கள் பலர் அறியார்கள். எரிந்த சொத்துகள் அவசரகால ஒழுங்குவிதிகளின் கீழ் அரசுக்குச் சொந்தமாயின. உரிமையாளர், புனர்வாழ்வுக்கென அமைக்கப்பட்ட அதிகாரசபையிடம் விண்ணப்பித்துத்தான் தன் சாம்பல் மேட்டைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது.

ஃபிராங்க் நைட்டின் கோடு இங்கேதான் எனக்குத் துலங்குகிறது. 1983 போன்ற ஒன்று திரும்ப வர எத்தனை வீத வாய்ப்பு என்று எவராலும் எண் சொல்ல முடியாது. எண் இல்லாத இடத்தில் தனியார் காப்புறுதி நிறுவனம் விலை போட முடியாது. தீக்காப்புறுதிப் பத்திரத்தில் கலவரம் சேராது. அதற்கென்று மேலதிகமாகச் சேர்த்தால்தான் உண்டு. அந்தச் சுமையை ஏற்க 1980களின் பிற்பகுதியில் அரசே ஒரு நிதியத்தை உருவாக்கியது. பின்னர் அது 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழ் வந்தது. ஏட்டளவில் இது சரியான ஏற்பாடு. ஆனால் 1983இல் காக்கத் தவறிய அதே அரசிடம்தான் கடைக்காரர் இப்போது காப்பும் வாங்க வேண்டும். அவர் தயங்கினால் அதற்குக் காரணம் தேட உளவியல் பரிசோதனை எதுவும் வேண்டாம்.

2007 ஜூன் 7 அதிகாலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. யார் எந்த அறையில் தங்கியிருக்கிறார், எந்த ஊர், என்ன காரணத்துக்காக வந்தார் என்ற விபரம் அந்த நாட்களில் பொலிஸ் பதிவாக இருந்தது. பட்டியலில் இருப்பது ஆபத்து என்பதைக் கொழும்புத் தமிழர் 24 ஆண்டு இடைவெளியில் இரண்டு தடவை அனுபவித்தார்கள். ஆகவே கொட்டாஞ்சேனையில் ஒரு தமிழ்த் தையற்கடைக்காரர் "பதிஞ்சு என்ன தம்பி கிடைக்கப் போகுது, பேரும் விலாசமும் அவையளிட்டை போறதுதான் மிச்சம்" என்று சொன்னால், அவர் சொல்லும் விலை ஆய்வாளரின் 40,000 ரூபாவை விடக் கூடுதலாக இருப்பதில் வியப்பில்லை. த மெல் குழு இப்படி ஒரு முடிவை எழுதவில்லை. இது அவர்களுடைய முடிவின் மேல் நின்று நான் சொல்வது. காணி உறுதி இல்லாதவருக்குப் பதிவு ஒரு செலவு என்று அவர்கள் கண்டார்கள். பெயர்ப்பட்டியலால் சூடுபட்டவருக்கும் அது செலவுதான்.

இந்தச் சமூகம் இடரோடு வாழக் கற்றுக்கொண்ட முறைகளை அருகில் வைத்துப் பார்த்தால், கணக்குப் போடத் தெரியாதவர்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை. சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது பேர் மாதம் பத்தாயிரம் ரூபா கட்டுகிறார்கள்; தொகை இரண்டு லட்சம். முதல் மாதங்களில் அவசரமுள்ளவர் முப்பதாயிரம் கழிவு கூறி ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்குச் சீட்டை எடுக்கிறார். கழிவு மற்றவர்களுக்குப் பிரிகிறது. அவசரமில்லாதவர் கடைசி வரை பொறுத்து முழுத்தொகையை எடுக்கிறார். ஒவ்வொரு மாதமும் கூறப்படும் கழிவு, அன்று அந்த மனிதருக்குக் காலமும் காசும் எவ்வளவு பெறுமதி என்பதைப் பகிரங்கமாகச் சொல்லிவிடுகிறது. காலன் கூலித் தொழிலாளரிடம் அறிய முயன்ற பொறுமையின் அளவைப் போன்ற தகவல் அது. சீட்டின் ஒரே பெரிய ஆபத்து, பிடிக்கிறவரோ முன்கூட்டி எடுத்தவரோ காசைக் கட்டாமல் போவது. அதனால்தான் ஆளைச் சேர்க்கும்போதே ஊர், உறவு, வேலை எல்லாம் விசாரிக்கிறார்கள். 1935இலேயே சீட்டுகளை ஒழுங்குபடுத்தக் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் நடைமுறையில் சீட்டைக் காத்துவருவது அந்த விசாரிப்புத்தான்.

இதன் பெரிய வடிவம் கொழும்பின் செட்டியார் தெருவில் இருந்தது. ஆங்கிலேய வங்கிகள் உள்ளூர்க்காரருக்கு நேரடியாகக் கடன் கொடுக்கவில்லை. சிறாப்பர் (வங்கிக் காசாளர்) ஒருவரின் உத்தரவாதத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்குக் கொடுத்தன. செட்டியார்கள் தோட்டக்காரருக்கும் வணிகருக்கும் கொடுத்தார்கள். யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்ற அறிவு முழுவதும் அந்தத் தெருவில் குவிந்திருந்தது. 1925இல் ஒரு பெரிய செட்டியார் நிறுவனம் நொடித்தபோது வங்கிகள் எல்லாச் செட்டியார்களுக்கும் கடனைச் சுருக்கின. ஒருவருடைய வீழ்ச்சிக்கு ஒரு சமூகமே விலை கொடுத்தது. அந்த நெருக்கடியும் அதைத் தொடர்ந்த உலகப் பொருளாதார மந்தமும் 1934இல் சர் சொராப்ஜி பொச்கானாவாலா தலைமையிலான வங்கி ஆணைக்குழுவுக்கு வழி திறந்தன. அதன் விளைவாக 1939இல் இலங்கை வங்கி பிறந்தது. ஆடிவேல் விழாவில் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குத் தேர் வரும்போது பார்த்து நிற்கிறவர்கள், இந்த நாட்டின் கடன் வரலாறும் அதே பாதையில் வந்தது என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

செட்டியார் தெரு இன்று நகைக் கடைகளின் தெரு. தமிழ்க் குடும்பங்கள் காசைப் பவுணாக்கி வைப்பதைப் பழமை என்றும் முடங்கிய முதல் என்றும் பொருளியல் மாணவர்கள் எழுதுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓடவேண்டி வந்தால் கையோடு எடுத்துக்கொண்டு போகலாம்; உறுதி தேவையில்லை, எந்த இடாப்பிலும் பெயர் தேவையில்லை. நகையை ஈடு வைப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. தங்கத்தின் விலை, வாங்கிய கடனும் வட்டியும் சேர்ந்த தொகைக்குக் கீழே இறங்கினால், மீட்காமல் விட்டுவிடலாம். விலை இறங்கும் ஆபத்து கடன் கொடுத்தவர் தலையில். 2013இல் உலகச் சந்தையில் தங்கம் சரிந்தபோது இலங்கை வங்கிகளின் அடகுக் கடன்கள் பெருமளவில் வராக்கடனாயின. நிதிச் சந்தைகளில் இதற்கு விற்பனைத் தெரிவுரிமை என்று பெயர் வைத்து விலைக்கு விற்கிறார்கள். அடகு வைத்த அம்மாவுக்கு அது கடனோடு சேர்ந்தே கிடைத்தது.

2022 இதை இன்னொரு பக்கத்திலிருந்து காட்டியது. ஏப்ரல் 12 அன்று அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. டொலர் சில வாரங்களில் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். நிலையான வைப்பில் காசை வைத்து, பதிவான கணக்குகளோடு, எல்லாம் முறைப்படி செய்தவர்கள்தான் அதிகம் இழந்தார்கள். தங்கத்தில் வைத்தவர்களின் பெறுமதி டொலரோடு சேர்ந்து ஏறியது. பாதுகாப்பானது எது, சூதானது எது என்று பாடநூல் போட்டுவைத்த வரிசை அந்த ஆண்டு வெள்ளவத்தையில் செல்லுபடியாகவில்லை.

இவ்வளவையும் சொல்வதால் பதிவில்லாமல் இருப்பதே நல்லது என்று நான் வாதாடவில்லை. பதிவில்லாத கடைக்கு வங்கிக் கடன் கிடைப்பது கடினம். அரசாங்கக் கேள்விப்பத்திரம் எடுக்க முடியாது. எரிந்தால் நட்டஈடு கேட்கக் கையில் கடதாசி இல்லை. த மெல் குழுவின் பரிசோதனையில் பதிந்தவர்களின் சராசரி இலாபம் 15 முதல் 31 மாதங்களுக்குப் பிறகு உயர்ந்திருந்தது. ஆனால் அது பெரும்பாலும் வேகமாக வளர்ந்த சில கடைகளால் வந்தது. மற்றவர்களுக்கு அவ்வளவாக ஒன்றும் மாறவில்லை. இதைக் கடைக்காரர்களும் முன்னமே கணித்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பெரும்பாலோருக்கு இலாபம் தராத ஒன்றுக்கு அவர்கள் அவசரப்படவில்லை.

அதே ஆய்வில் இன்னொரு சிறு முடிவு உண்டு. அதைப் பலரும் கடந்து போய்விடுகிறார்கள். பதிந்தவர்களிடம் அரசின் மீது நம்பிக்கை கூடியிருந்தது. நம்பிக்கை வந்ததால் அவர்கள் பதியவில்லை. பணத்துக்காகப் பதிந்தார்கள், நம்பிக்கை பின்னால் வந்தது. பிரதேச செயலகங்கள் விழிப்புணர்வுக் கூட்டங்களுக்குச் செலவழிக்கும் காசை வேறு வழியில் திருப்ப இது போதிய காரணம். காணி உறுதிக்குப் பதிலாக வாடகைப் பற்றுச்சீட்டையும் மின்கட்டணச் சிட்டையையும் ஏற்கலாம். படிவங்களைத் தமிழிலும் நிரப்பிக் கொடுக்க ஆள் வைக்கலாம். கடைக்காரர் தரும் பெயரும் விலாசமும் பொலிஸுக்கோ வேறு எவருக்கோ போகாது என்பதைச் சட்டத்தில் எழுதி, மீறுபவருக்குத் தண்டனையும் வைக்கலாம். அதன் பிறகு கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் எத்தனை பேர் பதிகிறார்கள் என்று, 40,000 ரூபா கொடுக்காமலே, மீண்டும் எண்ணிப் பார்க்கலாம்.